ராமேஸ்வரத்தில் அந்த '11 இடம்' ஆட்டோ பேக்கேஜ்: எடுக்கலாமா, வேண்டாமா?

வேண்டாம். அவசரத்தில் இருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன், கூடவே அந்த ஊரில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு நேரம் கொடுக்கலாம் என்பதையும்.

ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கல்யாணமான புதிதில் அப்பாவோடு மீட்டர்கேஜ் ரயிலில் அங்கே போய் வந்த கதையை அம்மா நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போது சாலைப் பாலம் கிடையாது, அது 1988 அக்டோபரில்தான் திறந்தது. தீவுக்குப் போக ரயில் ஒன்றுதான் வழி. 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும், சன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர்கூட இருக்காது, நேரே கடல்தான், அப்பாவின் கையை விடவே இல்லை என்பார். அதனால் பஸ் வேண்டாம், ரயில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேலாக இந்தக் கரையில் இருக்கிற மண்டபம் ஸ்டேஷனோடு சரி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது.

மதுரையில் காலை பாசஞ்சர் பிடித்தோம். மண்டபம் தாண்டியதும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்து போனைத் தூக்கினார்கள். பக்கத்திலேயே பழைய பாலம் துருப்பிடித்து நிற்கிறது. கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு கையாக விரிகிற அந்தப் பகுதியை அந்தக் காலத்தில் ஆட்கள் நின்று நெம்புகோல் சுற்றித்தான் திறப்பார்களாம். புதுசில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாலம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார் அம்மா. இரண்டு கிலோமீட்டர்தானே, இப்போது வேகமாகப் போகிறான், என்றேன். "அப்பெல்லாம் ஒரு காபி குடிச்சு முடிக்கலாம்டா" என்று சொல்லிவிட்டுப் பாம்பன் ஸ்டேஷன் வரை பேசவே இல்லை.

ராமேஸ்வரம் ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்ததும் அந்த அட்டை வந்துவிடும். லேமினேட் செய்த அட்டை, ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் தமிழ், பதினொரு படம். ராமர் பாதம், சுக்ரீவர் கோயில், சாட்சி அனுமன், பஞ்சமுக ஆஞ்சநேயர், ராமர் தீர்த்தம், லட்சுமணர் தீர்த்தம், சீதை தீர்த்தம், கலாம் நினைவிடம், வில்லூண்டி, கோதண்டராமர், தனுஷ்கோடி. "மொத்தம் 1,800 அண்ணே, அம்மா இருக்காங்க, உங்களுக்கு 1,500" என்றார் ஆட்டோக்காரர். 1,300-க்கு முடித்தேன், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் லாட்ஜ் வராந்தாவில் விசாரித்ததில் பக்கத்து அறைக்காரர் அதே அட்டைக்கு 1,000 கொடுத்திருந்தார்.

பணம்கூடப் பெரிய விஷயமில்லை. பதினொரு இடத்தையும் நாலரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதுதான் அந்த பேக்கேஜின் அடிப்படையே. ஆட்டோக்காரருக்கு அடுத்த சவாரி காத்திருக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கும்போதே "பத்து நிமிஷம்மா" என்பார். முழங்கால் வலியுள்ள எழுபது வயது மனுஷிக்குப் பத்து நிமிஷம் ஆட்டோவிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடவே போய்விடும்.

இடங்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதப் போவதில்லை. மூன்று தீர்த்தங்கள் பக்கத்துப் பக்கத்துக் குளங்கள், பார்த்தோம், வந்தோம். பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயிலில் தொட்டித் தண்ணீரில் மிதக்கிற கல்லைக் காட்டுவார்கள். ராமர் பாலத்துக் கல் என்பார்கள். உள்ளே காற்றுத் துளையுள்ள கல்தான், மிதக்காமல் என்ன செய்யும். ஆனால் அம்மா கையை வைத்து அழுத்திப் பார்த்து, அது மறுபடி மேலே வந்ததும் சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு குறை சொல்ல மாட்டேன். ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன பர்வதம் பெயரில்தான் பர்வதம், உண்மையில் மணல் மேடு. ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். மேலே நின்றால் தென்னையும் உடைமரமும் கோபுரமும் சுற்றிலும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், போகப் போக ஒடுங்கி ஒற்றை மணல் திட்டாக முடிகிற தீவு என்பது அங்கே நின்றால்தான் மண்டையில் ஏறும்.

வில்லூண்டி அட்டையில் ஒன்பதாவது. தங்கச்சிமடத்துப் பக்கம், கடலுக்குள் சின்னப் பாலம் போட்டு அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், கிணற்றுக்குள் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகமெடுத்தபோது ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. இங்கே சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதே பத்து நிமிஷம், அதுவும் மண்டை பிளக்கிற மதியம் ஒன்றரை மணிக்கு.

கலாம் நினைவிடம் பேய்க்கரும்பில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது, 2017 ஜூலையில் திறந்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே போட்டோ எடுக்க விடுவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருகிறார்கள். எனக்கு அதைவிட மசூதித் தெருவில் அவர் பிறந்த வீடுதான் பிடித்தது. கோயிலிலிருந்து நடந்தே போகலாம், அட்டையில் இல்லவே இல்லை, ஏனென்றால் ஆட்டோ தேவைப்படாது பாருங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரயில் இங்கே நிற்பதை நிறுத்திவிட, ஓடுகிற வண்டியிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன் வளர்ந்த தெரு. அவருடைய அப்பா, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரைக்காரர்களைப் படகில் கொண்டுபோய் விட்டவர். கோயிலுக்கு வந்த கூட்டத்தை நம்பித்தான் அந்த வீட்டிலும் உலை கொதித்தது.

இனி தனுஷ்கோடி. பேக்கேஜில் இதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று, வெயில், கூட்டம், திரும்பி வருகிற வண்டிகளின் நெரிசல். மாலைக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எல்லாரும் அந்த நேரத்தில்தான் முண்டியடிக்கிறார்கள். ஆகவே மறுநாள் விடிகாலை அரசு பஸ்ஸில் நான் மட்டும் மறுபடி போனேன். இது எழுதுகிறதே அதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஊருக்கு வெளியே போகப் போக நிலம் ஒல்லியாகிக்கொண்டே வரும். இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் சாலை. வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும் சேருகிற இடம் என்று எல்லா ஆட்டோக்காரரும் சொல்வார்கள், பெரிசாகத் தெரியட்டும் என்று சொல்வதுதான். மீனவர்கள் சொல்வது இன்னும் அழகு: இது பெண் கடல், அது ஆண் கடல். நான் போன அன்று இடப்பக்கம் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது, வலப்பக்கம் அலை சாலைக்கரைக் கல்லை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே நூறு எட்டுகூட இருக்காது.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது இந்த இடம் நல்ல ஊர். ரயில்வே ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்தன. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போய்க்கொண்டிருந்த காலம். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் கடல் எழும்பி மூடியது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. ஆறு மாதம் ஆகும் என்றிருந்த வேலையை 46 நாளில் முடித்துப் பாலத்தை மீட்டவர் அப்போது இளம் இன்ஜினியராக இருந்த ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவர்தான். பாலம் திரும்பியது, தனுஷ்கோடி திரும்பவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

அறிவித்தாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன, ஓலைக் குடிசைகளில். சர்ச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், அது செங்கல் இல்லை, பவளக்கல். உற்றுப் பார்த்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும், கடலில் உயிரோடு இருந்தபோது இருந்த அதே வடிவம். கூரை போய் அறுபது வருஷமாகிவிட்டது. ஒரு பெண் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடிக்கலாமா அக்கா என்று கேட்டேன். கொட்டாங்கச்சியை அப்படியே நீட்டினார். இனித்தது. பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், பையிலேயே இருந்தது.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போவார்கள். இப்போது முனையில் ஒரு தூண், அசோகச் சின்னம், செல்ஃபி, மாங்காய்த் துண்டு. குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து மதியுங்கள், அங்கே நீரோட்டம் பொல்லாதது. திரும்பும் வழியில் கொட்டகையில் பொரித்த மீன் சாப்பிட்டேன். திதி முந்தின நாளே முடிந்துவிட்டது, அதனால் பாவம் ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

கோதண்டராமர் கோயிலும் இந்தச் சாலையில்தான், இடப்பக்கம் பிரிந்து போகும். விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்பார்கள். அந்தப் புயலில் சுற்றி எல்லாம் போயும் நின்ற கட்டடம். சுற்றிலும் தண்ணீர் தேங்கி, நாரைகள் நிற்கும்.

சரி, பெரிய கோயிலுக்கு வருவோம். ஊரே அதற்காகத்தான். நான் மதிப்பெண் போட வேண்டுமென்றால் அங்கே விற்கிற பொருட்களிலேயே தலை சிறந்தது 25 ரூபாய் தீர்த்த டிக்கெட். முதலில் கிழக்கே அக்னி தீர்த்தம், அதாவது கடல். அங்கே குளித்துவிட்டு ஈரத் துணியோடு கோயிலுக்குள் வந்தால் 22 தீர்த்தம். ஒன்றிரண்டு தவிர எல்லாம் கிணறு. கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேலே ஒருவர் நிற்பார், கயிறு கட்டிய சின்ன வாளி, உள்ளே வீசி இரண்டு இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கவிழ்ப்பார். ஆள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், அடுத்த வாளி அதற்குள் கிணற்றில் இருக்கும். அவர் கட்டைவிரல் கல் விளிம்பைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எத்தனை ஆயிரம் வாளிக்குப் பிறகு கால் அப்படி ஆகும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு கிணறும் ஒரு விதம், ஒன்று சில்லென்று, அடுத்தது வெதுவெதுப்பாக, ஒன்று லேசாக உப்பு, பெரும்பாலும் நல்ல தண்ணீர். கடல் நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நாக்கில் படவிடுங்கள். கடைசி கோடி தீர்த்தம்.

வாசலில் சிலர் "வரிசை வேண்டாம், தனி வாளி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வருவார்கள். ஆளுக்கு 300 கேட்டார் ஒருவர். அம்மாவின் முழங்காலுக்காகக் கொடுத்துவிடலாமா என்று தடுமாறினேன். அம்மாதான் "நடக்கத்தானே வந்திருக்கேன்" என்றார். வரிசையில் போனோம், ஒன்றரை மணி நேரம் ஆனது. தரை முழுக்க ஈரம், வழுக்கும், வயசானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது மட்டும் கவனம். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணியை யாரிடமாவது கொடுத்துவைக்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். போனும் உள்ளே எடுத்துப் போக முடியாது.

உள்ளே இரண்டு லிங்கம். சீதை மணலில் பிடித்தது ராமநாதர், அனுமன் தாமதமாகக் கொண்டுவந்தது விஸ்வநாதர். பூஜை முதலில் அனுமன் கொண்டுவந்ததற்குத்தான், கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்துவதற்காக ராமரே செய்த ஏற்பாடு என்பார்கள். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று என்பதால் பாதிக் கூட்டம் வடக்கிலிருந்து வருவது. ராமேஸ்வரம் சேது மண்ணைக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரை இங்கே கொண்டுவந்து அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முடியும். அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் எங்கள் முன்னால் நின்றது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் என்பது நம்மாட்களிலேயே பலருக்குத் தெரியாது.

மூன்றாம் பிரகாரத்தைப் பகலில் பார்த்தால் ஏமாற்றம்தான், மனிதத் தலைகள் மட்டும்தான் தெரியும். இரவு நடை சாத்தும் முன் போங்கள். 1,212 தூண், கிழக்கு மேற்காக 690 அடி. பதினெட்டாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் அரசர் முத்துராமலிங்க சேதுபதி முடித்தது. இந்தத் தீவில் கருங்கல்லே கிடையாது, மணலும் பவளமும்தான், ஆகவே ஒவ்வொரு தூணும் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும், பாலம் எதுவும் இல்லாத காலத்தில். சேதுபதிகள் பட்டமே சேதுவைக் காக்கிறவர் என்றுதான். யாழ்ப்பாணத்து அரசர்களும் நாணயத்தில் 'சேது' என்று பொறித்துக்கொண்டவர்கள். இரண்டு கரைக்காரர்களுக்கும் இந்த மணல் திட்டின் மேல் அவ்வளவு உரிமை. அன்று ராத்திரி ஒரு துப்புரவுப் பணியாளரும் நாங்களும்தான். துடைப்பச் சத்தம் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

திதி பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையில் உட்காரும் முன்னாலேயே தட்சணை, பொருள், தானம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோதானத்துக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிற நிலைமை யாருக்கும் வேண்டாம். லாட்ஜ்காரர் 'கடல் காட்சி அறை' என்று சொன்னதும் அப்படித்தான். பாத்ரூம் சன்னலில் ஸ்டூல் போட்டு ஏறினால் தெரிகிறது.

என் கணக்கு இதுதான்: இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் தீர்த்தம், தரிசனம், ராத்திரி பிரகாரம். மறுநாள் விடிகாலை தனுஷ்கோடிக்குப் பஸ், சாயங்காலம் வில்லூண்டிக்கு மட்டும் தனியாக ஆட்டோ. ஆடி, தை, மகாளய அமாவாசை தினங்களை, அதற்காகவே போகிறவர்கள் தவிர, தவிர்த்துவிடுங்கள். சங்குக் கடைகளில் பாதிக்குப் பாதி விலை பேசலாம். பனையோலைக் கொட்டான் வாங்கினால் பேரம் பேசாதீர்கள், முடைகிறவர்களுக்குக் கிடைப்பதே கொஞ்சம்.

கோடி தீர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டுவர வாசலில் பிளாஸ்டிக் பாட்டில் விற்கிறார்கள். வாங்கும்போதே மூடியைத் திருகிப் பாருங்கள். எங்களுடையது பரமக்குடிக்கு முன்னாலேயே கசிந்து, அம்மாவின் புடவைப் பை முழுக்க நனைந்துவிட்டது. மிஞ்சின அரை பாட்டிலை மானாமதுரை வரை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.